துயரைப் பேசவைத்த பழங்கதைகள்

ஒரு சமூகத்தைப் பேரிடர் தாக்கும்போது அதற்கு முதலில் தேவைப்படுபவை உணவு, மருந்து, உறைவிடம் என்பவையே. இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆயினும் நிவாரணப் பொதிகள் வழங்கி முடிந்த பின்னரும் ஒரு தேவை எஞ்சி நிற்கின்றது. நடந்தது என்ன, ஏன் நடந்தது, இறந்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்தோமா, யார்மீது கோபம் கொள்வது என்ற கேள்விகள் மக்கள் மனதில் கிடக்கின்றன. இவற்றை வாய்விட்டுப் பேச ஓர் இடம் தேவை. அந்த இடம் கிடைக்காதபோது துயரம் வசையாகவும் வதந்தியாகவும், சிலரிடத்தில் நீண்ட மௌனமாகவும் மாறிவிடுகின்றது.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இந்த இடத்தையே முதலில் பறித்தது. துக்கவீட்டில் கூடி அழுவதும், வழிபாட்டிடத்தில் ஒன்றாக நிற்பதும், திண்ணையில் இருந்து கதைப்பதும் நோயைப் பரப்பும் செயல்களாயின. இந்நிலையில் உலகின் பல பாகங்களில் மக்களைக் கணினித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் கூட்டி, கலை இலக்கியத்தின் துணையோடு பேசவைக்கும் முயற்சிகள் நடந்தன. அவற்றுள் ஐக்கிய அமெரிக்காவில் நடந்த ஒரு முயற்சியை இங்கு சற்று விரிவாக நோக்குவோம். கிராம மட்டத்தில் பணிபுரியும் எமது ஊக்குனர்களுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உள்ளன. எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டியவையும் சில உள்ளன.

போர் அரங்கு

பிரையன் டோரிஸ் என்பவர் பண்டைய கிரேக்க இலக்கியம் கற்ற ஒரு நாடக நெறியாளர். நோயுற்று இளவயதில் இறந்த தம் தோழியின் அருகில் இருந்த நாட்களுக்குப் பின், தாம் முன்பு பாடமாகப் படித்த கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் தம் அனுபவத்தையே பேசுவதை அவர் உணர்ந்தார். இந்நாடகங்கள் துன்பப்பட்டவர்களுக்காகத் துன்பப்பட்டவர்களால் எழுதப்பட்டவை என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியது. நாடகாசிரியர் சொபோகிளிஸ் ஒரு காலத்தில் ஏதென்ஸ் நகரின் படைத்தளபதிகளுள் ஒருவராகவும் இருந்தவர் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது.

2008ஆம் ஆண்டில் டோரிஸ், சொபோகிளிஸின் இரு நாடகங்களின் பகுதிகளைக் கலிபோர்னியாவில் அமெரிக்கக் கடற்படைப் பிரிவினருக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் வாசித்துக் காட்டினார். ஒன்று, மானமிழந்து தன் உயிரை மாய்த்துக்கொண்ட அஜாக்ஸ் என்னும் வீரனின் கதை. மற்றது, ஆறாத புண்ணோடு ஒரு தீவில் சகவீரர்களால் கைவிடப்பட்ட பிலொக்ரெற்றிஸின் கதை. வாசிப்புக்குப் பின் முக்கால் மணி நேரம் கலந்துரையாடல் நடக்கும் என்று திட்டமிட்டிருந்தனர். அது மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நீண்டது. போரிலிருந்து திரும்பியவர்களும் அவர்களது மனைவியரும் வீட்டிலே சொல்லாதவற்றை அங்கே சொன்னார்கள். இதிலிருந்து பிறந்ததே 'தியேட்டர் ஒவ் வோர்', அதாவது 'போர் அரங்கு' என்னும் அமைப்பு. பின்னர் அது சிறைச்சாலைகள், வைத்தியசாலைகள், இனப் பதற்றம் நிலவிய நகரங்கள் எனப் பல களங்களுக்கும் சென்றது.

திரையில் ஈடிப்பஸ்

2020 மார்ச் 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 நோயைப் பெருந்தொற்று என விவரித்தது. மறுநாள் நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற பிரோட்வே அரங்குகள் மூடப்பட்டன. மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவில் 70,000 பேருக்கு மேல் இறந்திருந்தனர். பலர் உறவினர் எவரும் அருகில் இல்லாமலேயே இறந்தனர்.

இந்தச் சூழலில் மே 7ஆம் திகதி 'போர் அரங்கு' குழுவினர் சொபோகிளிஸின் ஈடிப்பஸ் மன்னன் நாடகத்தின் பகுதிகளைச் 'சூம்' என்னும் இணையவழியில் வாசித்தனர். ஒஸ்கார் ஐசக், பிரான்சஸ் மக்டோர்மண்ட், ஜோன் டர்டுரோ முதலிய பிரபல நடிகர்கள் அவரவர் இருந்த இடத்திலிருந்தே வாசித்தார்கள். மேடையில்லை, காட்சி அமைப்பில்லை. கட்டணமும் இல்லை. பல்லாயிரக் கணக்கானோர் பார்த்தனர்.

இந்த நாடகத்தைத் தெரிவு செய்தமைக்குத் தெளிவான காரணம் உண்டு. கி.மு. 430இல் ஏதென்ஸ் நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. அதை நேரில் கண்டு, தாமும் நோயுற்றுப் பிழைத்த வரலாற்றாசிரியர் துசிடிடிஸ், நோயாளரிடம் சென்ற வைத்தியர்களே அதிகமாக இறந்தனர் என்றும், அச்சத்தால் எவரும் எட்டிப் பாராமல் பல வீடுகள் அழிந்தன என்றும் பதிவு செய்துள்ளார். ஈடிப்பஸ் மன்னன் நாடகம் ஏறக்குறைய கி.மு. 429 அளவில், அந்த நோயின் நினைவு ஆறாத நாட்களில் மேடையேறியிருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. நாடகமும் ஒரு கொள்ளைநோயோடுதான் தொடங்குகின்றது. தீப்ஸ் நகர மக்கள் மன்னனின் வாசலில் வந்து முறையிடுகிறார்கள். முன்னைய மன்னனைக் கொன்றவன் தண்டிக்கப்படாமல் நகரிலேயே இருப்பதுதான் காரணம் என்று தெய்வ வாக்குக் கிடைக்கின்றது. குற்றவாளியைத் தேடிப் பிடிப்பேன் என்று சூளுரைக்கிறான் ஈடிப்பஸ். உண்மையைச் சொன்ன பார்வையற்ற ஞானியைத் துரோகி என்று ஏசுகிறான். ஈற்றில் தேடப்பட்டவன் தானே என அறிகிறான்.

இக்கதையை அந்த நாட்களில் கேட்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. தலைவர்கள் உண்மையைக் கேட்க மறுப்பதும், உண்மை சொன்னவர் பழிக்கப்படுவதும் அப்போதைய அன்றாடச் செய்திகள். இன்னுமொரு நுட்பமான பொருத்தமும் உண்டு. ஈடிப்பஸ் வேண்டுமென்று நகரை மாசுபடுத்தியவன் அல்லன். தன்னை அறியாமலே மாசைச் சுமந்தவன். வேலைக்குப் போய்வந்த தாதி ஒருத்தி, தன் மூலமாகத்தான் தன் தாய்க்கு நோய் தொற்றியதோ என்று தன்னையே வருத்தும்போது அவள் நிற்பதும் இதே இடத்தில்தான். 'நான் வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் என்னால்தான் நடந்தது' என்ற இந்தப் பாரத்தை எந்தச் சுகாதாரத் துண்டுப்பிரசுரமும் தொடுவதில்லை.

கலந்துரையாடலின் ஒழுங்கு

இக்குழுவினரின் நடைமுறை மூன்று படிகளைக் கொண்டது.

முதலாவது, வாசிப்பு. நாடகம் முழுவதையும் நடிப்பதில்லை. உணர்ச்சி மிக்க பகுதிகளைத் தெரிந்து, பேச்சு வழக்கிலான மொழிபெயர்ப்பில், ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் வாசிப்பார்கள்.

இரண்டாவது, சிலருடைய மறுமொழி. நாடக அறிஞர்கள் அழைக்கப்படுவதில்லை. பேசப்படும் துயரத்தை வாழ்ந்து பார்த்தவர்களே முதலில் பேசுவர். தீவிர சிகிச்சைப் பிரிவின் வைத்தியர், தாதி, நோயாளர் காவுவண்டிப் பணியாளர் போன்ற நால்வர் அல்லது ஐவர், தாங்கள் கேட்ட கதை தங்களுள் எதைத் தொட்டது என்பதைச் சில நிமிடங்களில் சொல்வார்கள்.

மூன்றாவது, சபையின் பேச்சு. நெறிப்படுத்துபவர் கேள்விகளை முன்வைப்பார். 'கொள்ளைநோயில் தப்பிய மக்களுக்கு முன்னால் இந்த நாடகத்தை ஏன் போட்டிருப்பார்கள்?' என்பதைப் போன்றவை அவை. சரியான விடை என்று எதுவும் இல்லை. எவரும் கையுயர்த்திப் பேசலாம். முடிவில் தீர்மானம் நிறைவேற்றுவதும் இல்லை.

இத்தகைய கேள்விக்கு ஜெர்மனியிலிருந்த அமெரிக்கப் படைத்தளம் ஒன்றில் ஒரு சிப்பாய் அளித்த விடையை டோரிஸ் தமது நூலில் பதிவு செய்துள்ளார். படையினரின் மனத்திடத்தை வளர்க்கவே சொபோகிளிஸ் இதை எழுதியிருப்பார் என்பது அவரது கருத்து. வீரன் ஒருவன் மனமுடைந்து சாவதைப் பார்த்தால் மனத்திடம் எப்படி வளரும் என்று கேட்டபோது, இதுதான் உண்மை, அதை மறைக்காமல் எல்லோரும் ஒன்றாக இருந்து பார்க்கிறோம் என்ற கருத்துப்பட அவர் பதிலளித்தார்.

இணையத்துக்கு வந்தபோது இந்த ஒழுங்கில் சில மாற்றங்கள் ஏற்பட்டன. 2020 மார்ச் மாதத்திலேயே இணையக் கூட்டங்களுள் விஷமிகள் புகுந்து குழப்புவது குறித்து அமெரிக்க உளவுத்துறை எச்சரித்திருந்தது. எனவே பெரிய கூட்டங்களில் பார்வையாளரின் முகமும் குரலும் தொடக்கத்தில் வெளிவராதவாறு அமைத்தனர். பேச விரும்புபவர் திரையிலுள்ள கை அடையாளத்தை அழுத்துவார். நெறிப்படுத்துபவர் அழைத்ததும் அவர் முகம் எல்லோர்முன்னும் தோன்றும். இதனால் ஒரு நன்மை விளைந்தது. மண்டபத்தில் முன்வரிசை, பின்வரிசை உண்டு. திரையில் அது இல்லை. பெயர்பெற்ற நடிகரின் முகமும் ஒரு கிராமத்துத் தாதியின் முகமும் ஒரே அளவு பெட்டிக்குள்தான் தெரிந்தன. மண்டபத்துக்கு வர முடியாத முதியோரும், அங்கவீனமுற்றோரும், இரவு வேலை முடித்தோரும் வீட்டிலிருந்தே கலந்துகொள்ள வழி பிறந்தது.

2022 மார்ச் 17ஆம் திகதி 'தாதி அன்ரிகனி' என்ற நிகழ்ச்சியை இக்குழுவினர் இணையவழி தொடங்கினர். அரச கட்டளையை மீறி, இறந்த தன் சகோதரனை அடக்கம் செய்யும் பெண்ணின் கதை அது. அதன் பாடற் குழுவில் நடிகர்களுக்குப் பதிலாக உண்மையான தாதியரே இடம்பெற்றனர். இரண்டு ஆண்டுகளாக எண்ணற்ற மரணங்களுக்குச் சாட்சியாக நின்றவர்கள், இறந்தவருக்குரிய மரியாதை பற்றிய நாடகத்தை வாசித்தபோது அதற்கு ஒரு தனிக் கனம் சேர்ந்தது.

யோபுவின் நண்பர்கள்

கிராம மக்களோடு பணிபுரிவோருக்கு இன்னும் நெருக்கமானது 2020 டிசெம்பர் 6ஆம் திகதி நடந்த நிகழ்ச்சி. இம்முறை எடுத்துக்கொள்ளப்பட்டது கிரேக்க நாடகம் அன்று. திருவிவிலியத்தின் யோபு நூல். களம், ஒஹாயோ மாநிலத்திலுள்ள நொக்ஸ் மாவட்டம். 60,000 பேருக்குச் சற்று அதிகமானோர் வாழும் கிராமப்புறப் பகுதி. டோரிஸ் கல்வி கற்ற கெனியன் கல்லூரியும் அங்கேதான் உள்ளது. ஒரு மாதம் முன்பு நடந்த சனாதிபதித் தேர்தலில் அங்கு 10 பேரில் ஏறக்குறைய 7 பேர் டொனால்ட் டிரம்புக்கு வாக்களித்திருந்தனர். கல்லூரியைச் சார்ந்தோர் பெரும்பாலும் மாற்றுக் கருத்தினர். நோய் பற்றியும் முகக்கவசம் பற்றியும் கூட நாடு கட்சிவாரியாகப் பிரிந்து நின்ற நேரம் அது.

யோபுவின் பகுதியைப் பிரபல நடிகர் பில் மரே வாசித்தார். அப்பகுதியின் நகரமான மவுண்ட் வேர்னனின் நகரபிதாவும் ஒரு பாத்திரத்தை ஏற்று வாசித்தார். அரசியலைப் பற்றி விவாதிப்போம் என்று அழைத்திருந்தால் ஒரு சாரார் வந்திருக்கமாட்டார்கள். இரு சாராரும் மதிக்கும் ஒரு நூலைக் கேட்போம் என்று அழைத்ததே அந்நிகழ்ச்சியின் நுட்பம்.

யோபுவின் கதை எமது வாசகர்கள் அறிந்ததே. சொத்தையும் பிள்ளைகளையும் சுகத்தையும் இழந்து சாம்பலில் இருக்கும் யோபுவிடம் மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பின்னர் வாய் திறந்து, அவருடைய துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்குகிறார்கள். நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் என்கிறார்கள். நூலின் முடிவில் கடவுள் கடிந்துகொள்வது புலம்பிய யோபுவின் நண்பர்களையே. பெருந்தொற்றுக் காலத்தில் நாடெங்கும் இத்தகைய நண்பர்கள் இருந்தார்கள். நோயுற்றவரிடம் 'எங்கே போனாய், யாரோடு பழகினாய்' என்று விசாரித்தவர்களும், மரணத்துக்கு உடனே ஒரு தத்துவம் சொன்னவர்களும் இவர்களே. சமயப் பணியாளரும் அபிவிருத்திப் பணியாளரும் இந்தத் தவறுக்கு மற்றவர்களைவிட எளிதில் ஆளாகக் கூடியவர்கள். விளக்கம் சொல்வது எமது தொழில் அல்லவா!

ஏன் பழைய கதை?

உங்கள் துயரத்தைச் சொல்லுங்கள் என்று நேரே கேட்டால் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. கேள்வி அந்தரங்கமானது. பதில் சொன்னால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமும் உண்டு. ஈடிப்பஸ் செய்தது சரியா என்று கேட்டாலோ எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். கதையைப் பற்றிப் பேசத் தொடங்குபவர் சிறிது நேரத்தில் தம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். எந்த இடத்தில் நிறுத்துவது என்ற உரிமையும் அவரிடமே இருக்கும். கதை ஒரு திரைச்சீலை போன்றது. பேசுபவருக்கு மறைவும் தருகின்றது, வெளியே வரும் வழியையும் தருகின்றது.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரேரேயின் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1963ஆம் ஆண்டில் அங்கிக்கோஸ் என்ற ஊரில் ஏறக்குறைய 300 தொழிலாளரோடு அவர் எழுத்தறிவுப் பணி செய்தபோது, பாடப் புத்தகத்தை வைத்துத் தொடங்கவில்லை. மக்களின் வாழ்வைக் காட்டும் படங்களைப் பண்பாட்டு வட்டத்தின் நடுவில் வைத்து, இதில் என்ன காண்கிறீர்கள் என்று கேட்டார். படத்திலுள்ள மனிதனைப் பற்றிப் பேசியவர்கள் தம் நிலைமையைத் தாமே கண்டுகொண்டனர். பிரேரேயின் படம் செய்த வேலையையே இங்கு பழைய நாடகம் செய்கின்றது. ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். பிரேரேயின் வட்டம் செயலை நோக்கிச் செல்வது. 'போர் அரங்கு' பேச்சோடு நிறுத்திக்கொள்கின்றது. அதனால் அதற்குப் பின் யார், எதைச் செய்வது என்ற கேள்வி அந்தந்த ஊர் அமைப்புகளின் கையில் விடப்படுகின்றது.

வெளியே நின்றவர்கள்

இம்முயற்சிகளைப் புகழ்வதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். திரைக்குள் வர முடியாதவர்கள் யார் என்ற கேள்வி உண்டு. 2019ஆம் ஆண்டு பியூ ஆய்வு நிலையம் எடுத்த கணிப்பின்படி, அமெரிக்கக் கிராமப்புறத்தவரில் 63 சதவீதத்தினரே வீட்டில் அகல அலைவரிசை இணைய வசதி உள்ளதாகக் கூறினர். புறநகர்களில் இது 79 சதவீதம். செல்வம் மிக்க நாடொன்றின் நிலைமையே இது.

வறியவர்களுக்கு இலக்கியமும் மெய்யியலும் எதற்கு என்று கேட்போருக்குப் பதிலாக 1995ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் ஒரு பாடநெறி தொடங்கியது. எழுத்தாளர் ஏர்ல் ஷோரிஸ் தொடங்கிய 'கிளெமென்டே' பாடநெறி அது. மெய்யியல், இலக்கியம், கலை வரலாறு, நாட்டு வரலாறு என்பவற்றை வறிய இளைஞருக்கு இலவசமாகக் கற்பித்தனர். ஷோரிஸ் ஒன்றை நன்கு உணர்ந்திருந்தார். கட்டணம் இல்லை என்பது மட்டும் போதாது. எனவே புத்தகமும், பயணச் செலவும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் பாடநெறியின் பகுதிகளாயின. 2020இல் இவ்வகுப்புகள் பல இணையத்துக்கு மாறின. பயணச் செலவு மிஞ்சியது உண்மை. ஆனால் பிள்ளைகளும் முதியோரும் நெருங்கி வாழும் சிறிய வீட்டில், ஒரேயொரு கைத்தொலைபேசியுடன், பிளேட்டோவைப் பற்றிப் பேச அமைதியான மூலை எங்கே? கணவனின் வன்முறையைப் பற்றிப் பேச விரும்பும் பெண், அவன் அடுத்த அறையில் இருக்கும்போது எப்படிப் பேசுவாள்? மண்டபம் என்பது கூடும் இடம் மட்டுமன்று. வீட்டிலிருந்து விலகியிருக்கும் இடமும் கூட.

மூன்றாவது ஒரு குறையும் உண்டு. மண்டபத்தில் ஒருவர் அழுதால் பக்கத்தில் இருப்பவர் தோளில் கைவைப்பார். கூட்டம் கலைந்த பின் வாசலில் நின்று கதைப்பார். இணையக் கூட்டம் ஒரு விசையை அழுத்தியதும் முடிந்துவிடுகின்றது. மனதைத் திறந்தவர் மறுகணமே வெறும் அறையில் தனியே இருக்கிறார். துயரைக் கிளறிவிட்டு அப்படியே விட்டுப்போவது சேவையாகாது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் நிறைவேறிய அமெரிக்க நிவாரணச் சட்டம் கலைகளுக்கான தேசிய நிதியத்துக்கும் மனிதப் பண்பியலுக்கான தேசிய நிதியத்துக்கும் தலா 750 இலட்சம் டொலர் ஒதுக்கியது. மாநில மட்டச் சபைகள் பல இதன் துணையோடு தாக்குப்பிடித்தன. 2025 ஏப்பிரலில் அச்சபைகளுக்கான மானியங்கள் திடீரென இரத்துச் செய்யப்பட்டன. விடயம் நீதிமன்றம் வரை சென்றது. மக்கள் பேசும் இடம் முழுவதையும் ஒரே நிதியூற்றில் கட்டியெழுப்புவதன் ஆபத்தை இது காட்டுகின்றது.

ஊக்குனர்களுக்கு

இந்த அனுபவங்களிலிருந்து சிலவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

1. கதை நன்றாக அமைய வேண்டும். புகழ்பெற்ற நடிகர் இல்லாவிடினும் நிகழ்ச்சி நடக்கும். ஊரில் நல்ல குரலில், நிறுத்தி வாசிக்கத் தெரிந்த இருவர் போதும். கூத்து மரபுள்ள ஊர்களில் இத்தகையோருக்குப் பஞ்சமில்லை.

2. துன்பப்பட்டவர் முதலில் பேசட்டும். அதிகாரிகளும் குருமாரும் அறிஞர்களும் கடைசியில் பேசலாம். பேசாமலும் இருக்கலாம்.

3. கேள்வி திறந்ததாக இருக்க வேண்டும். விடையை மனதில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி பரீட்சையாகிவிடும்.

4. மௌனத்துக்கு அஞ்ச வேண்டாம். இணையவழிக் கூட்டத்தில் பத்து விநாடி அமைதியும் தொழில்நுட்பக் கோளாறு போலத் தோன்றும். அதை உடனே பேச்சால் நிரப்பாமல் காத்திருக்கப் பழக வேண்டும்.

5. இணைய வசதி இல்லாதவருக்குச் சாதாரண தொலைபேசி அழைப்பிலும் சேரும் வழி உண்டா என முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஒரு வீட்டு முற்றத்தில் நாலைந்து பேர் இடைவெளி விட்டு அமர்ந்து ஒரு திரையைப் பார்ப்பதும் நல்ல வழியே.

6. கூட்டம் முடிந்த அன்றோ மறுநாளோ, பேசியவர்களைத் தொடர்புகொள்ள ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். மனநல உதவி தேவைப்படுவோரை உரிய இடத்துக்கு வழிப்படுத்துவதும் அவர் பொறுப்பு.

உணவுப் பொதி பசியை ஆற்றும். அந்தப் பொதியை வாங்கிய மனிதனுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கின்றது என்பதை ஏற்றுக்கொள்வதும் நிவாரணத்தின் ஒரு பகுதியே. யோபுவின் நண்பர்கள் மௌனமாக இருந்த அந்த ஏழு நாட்களின் பின் முதலில் பேசியவர் யோபுவே. அவர்கள் கேட்டிருக்கலாம்.

குழுக் கலந்துரையாடலுக்கு

அ. பெருந்தொற்றுக் காலத்தில் எமது ஊரில் பேசப்படாமல் போன துயரங்கள் எவை?

ஆ. எல்லாத் தரப்பினரும் மதிக்கும், எல்லோரும் ஒன்றாகக் கேட்கக்கூடிய கதை அல்லது கூத்து எமது ஊரில் எது?

இ. எமது கூட்டங்களில் முதலில் பேசுபவர் யார்? ஒருபோதும் பேசாதவர் யார்? ஏன்?

ஈ. பேசிய பின் செயலாக மாற வேண்டியது எது? அதற்கு யார் பொறுப்பு?